ஒரு விருந்தாளிக்கு மட்டும்

அத்தியாயம் பதினேழு

ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் ஐந்து மாதமாக முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தால் மூன்றாவது ஆளின் பாடு என்னவாகும் என்பதைக் கொழும்புக் கொட்டாஞ்சேனை செபஸ்தியனிடம்தான் கேட்க வேண்டும். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்த மனிதர். இப்போது சொந்த வீட்டிலேயே தபால்காரர் உத்தியோகம்.

"அப்பா, பெரியவவிட்ட சொல்லுங்கோ, பாத்ரூம் காலி எண்டு."

"அப்பா, சின்னவவிட்ட சொல்லுங்கோ, எனக்குக் காது கேக்கும் எண்டு."

பெரியவள் பேர்ணடெற்றுக்கு முப்பத்தொன்பது வயது. சின்னவள் றோஸிக்கு இருபத்தேழு. தாய் இறந்தபோது றோஸிக்கு நாலு வயது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலுக்குப் பத்துப் போட்டு ஆளாக்கியவள் பேர்ணடெற்தான்.

சண்டை தொடங்கியது ஜனவரியில். றோஸி வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தாள். ஞாயிறுதோறும் இலண்டனிலிருந்து சிவானந்தன் என்பவன் தாயோடு கதைக்க அந்தக் கடைக்கு அழைப்பான். தாய் மெதுவாக நடக்கிற மனுசி. அவர் ஒழுங்கையிலிருந்து வந்து சேரும்வரை தொலைபேசியைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? றோஸி கதைத்தாள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் கூடி ஒரு கலியாணப் பேச்சில் வந்து நின்றன.

சிவானந்தன் அகதிப் பத்திரத்தோடு இருக்கிறவன். கொழும்பில் கால் வைக்க முடியாது. ஆகவே கலியாணம் சிங்கப்பூரில், ஒரு சைவக் கோயிலில். பிறகு அங்கிருந்தே இலண்டன் பயணம். திரும்பி வருவது எந்தக் காலமோ.

"தேவாலயத்தில ஓதாமல் கலியாணம் செய்தா எனக்குத் தங்கச்சி இல்லை" என்றாள் பேர்ணடெற்.

"உங்களுக்குக் கலியாணம் நடக்காததுக்கு நானா பொறுப்பு?" என்று கேட்டாள் றோஸி.

அதோடு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். முதற்சொல்லை மன்னிக்கலாம், மறுசொல்லைத்தான் மன்னிக்க முடியவில்லை என்று பேர்ணடெற் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதம் ஓடிவிட்டது. இன்று ஜூன் பதினோராம் திகதி, வெள்ளிக்கிழமை. பகல் ஒன்று நாற்பதுக்கு றோஸியின் விமானம்.

*

விமான நிலையத்தில் வேலை செய்யும் பேர்ணடெற்றுக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு நாள். ஆனால் காலை ஐந்தரைக்கே யூனிபோம் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இண்டைக்கு உனக்கு ஓஃப் எல்லோ?" என்று கேட்டார் செபஸ்தியன்.

"மாத்திக் குடுத்தனான்."

"கப்பலில போறவனைப் பாக்க விரும்பாத ஆள் ஹாபருக்கு வேலைக்குப் போறேல்லை, பிள்ளை."

"அவ எக்கொனமி. கீழால போவா. நான் இருக்கிறது மேல, லவுஞ்சில. எங்கட கண்ணிலயே படமாட்டா."

செபஸ்தியன் சாப்பாட்டுப் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தினமும் அவர்தான் சமைத்துக் கட்டிக் கொடுப்பார். இன்று பை கொஞ்சம் பாரமாக இருந்தது.

"என்ன அப்பா, கல்லைக் கட்டி வச்சிருக்கிறீங்களா?"

"பசிக்கும்" என்றார் அவர்.

உள்ளறையில் றோஸி விழித்துத்தான் கிடந்தாள். கட்டில் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லப் பேர்ணடெற்றுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கம்பனி வான் ஹோர்ன் அடித்துவிட்டது. அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். "கொஹேத யன்னே?" என்று சிப்பாய் கேட்கும்போதெல்லாம் அடையாள அட்டையோடு விமான நிலையப் பாஸையும் சேர்த்து நீட்டினாள். எங்கே போகிறாய் என்ற அந்தக் கேள்வி இன்று மனதுக்குள்ளும் கூடவே வந்தது.

*

லவுஞ் என்பது பெரிய இடமில்லை. கண்ணாடிக் கதவு, ஒரு மேசை, அதற்கப்பால் மெத்தை நாற்காலிகள், தேநீர், சாண்ட்விச், சாய்ந்து படுக்க ஒரு மூலை. பிஸ்னஸ் கிளாஸ் பயணிகளும், அடிக்கடி பறந்து கோல்ட் கார்ட் வாங்கியவர்களும் விமானம் வரும்வரை அங்கே இருக்கலாம். யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்று மேசையில் இருந்து தீர்மானிப்பது பேர்ணடெற்றின் வேலை. பன்னிரண்டு வருடமாக அந்த வேலையில் ஒரு பிழை வந்ததில்லை.

பிழை வந்தது வேறொருவரால். போன மாதம் ஓர் ஊழியர் தன் மாமன் மச்சான் உட்பட ஏழு பேரை உள்ளே விட்டுச் சாப்பிட வைத்து அகப்பட்டுக்கொண்டார். மனேஜர் பேர்ணடெற்றைக் கூப்பிட்டு, "உன் எழுத்துத்தான் சுத்தம், விதிகளை எழுதி மேசையில் ஒட்டு" என்றார். அவள் எழுதினாள்:

ஒரு கார்டுக்கு ஒரு விருந்தாளி மட்டும். விருந்தாளியும் அதே விமானத்தில் பயணம் செய்ய வேண்டும். கார்டுக்காரர் உள்ளே இருக்கும்வரைதான் விருந்தாளியும் இருக்கலாம். உணவை வெளியே கொண்டுபோகக் கூடாது.

கடைசி வரியை மனேஜர் சொல்லவில்லை. அவளாகவே சேர்த்தாள்: ஊழியர்களின் உறவினருக்கும் இவை பொருந்தும்.

பதினொரு மணிக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. பாலேஸ்வரி மாமி வந்தார்.

வெள்ளவத்தையில் மாமியைத் தெரியாதவர்கள் குறைவு. ஓய்வுபெற்ற ஆசிரியை. மாப்பிள்ளை நாட்டுக்கு வர முடியாத கலியாணங்கள் பெருகிய காலம் அது. பெண்ணைத் தனியே அனுப்பப் பயந்த தாய்தகப்பன்மார் மாமியைத் துணைக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூருக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோய், தாலி ஏறும்வரை கூட நின்று, தனியே திரும்பி வருவார். இதுவரை முப்பத்தொரு மணப்பெண்கள். விமானக் கம்பனி மாமியைப் பெரிய வியாபாரி என்று நினைத்து கோல்ட் கார்ட் அனுப்பியிருந்தது.

மாமிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி ஒல்லியான, கண் சிவந்த பிள்ளை. மற்றவள் றோஸி.

சிவானந்தன் வீட்டார் துணைக்கு ஏற்பாடு செய்தது பாலேஸ்வரி மாமியை என்று பேர்ணடெற்றுக்குத் தெரியாது. தெரிந்திருக்கும், வீட்டில் கதைத்திருந்தால்.

"எப்பிடிப் பிள்ளை, சுகமா?" மாமி கார்டை மேசையில் வைத்தார். "இந்த முறை ரெண்டு பேர். இவ கௌரி, கனடா மாப்பிள்ளை. மற்றவவை நான் உமக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை."

"கார்டுக்கு ஒராள்தான் மாமி."

"தெரியும். கௌரி என்ர ஆள். றோஸி உம்மட ஆள்." மாமி கணக்குத் தீர்ந்த நிம்மதியோடு உள்ளே காலடி வைத்தார்.

"ஸ்டாஃபுக்கு விருந்தாளி இல்லை, மாமி."

மாமி நின்றார். "கூடப் பிறந்தவளெல்லோ?"

பேர்ணடெற் ஒட்டியிருந்த கடதாசியைக் காட்டினாள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆசிரியைக்குரிய கவனத்தோடு கடைசி வரிவரை வாசித்தார்.

"ஆர் எழுதினது?"

"நான்தான்."

மாமி கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒண்டு செய்வம். நான் வெளியில இருக்கிறன். என்ர இடத்துக்கு றோஸியை விடும். ரெண்டு பேர் எண்ட கணக்குச் சரிதானே?"

"கார்டுக்காரர் உள்ள இல்லாட்டி விருந்தாளியும் இருக்கேலாது."

"இதென்ன கதை? கூப்பன் கடையில குடும்பத்துக்கு ஒரு கார்ட். வீட்டில ஆர் போய் நிண்டாலும் அரிசி தந்தவன். நான் போகேலாட்டி என்ர பெறாமகள் போவாள். இது என்ன தனி ஆளுக்குத் தாற கார்ட்? கார்ட் எண்டா அது குடும்பத்துக்கெல்லோ?"

வேறு நாளாயிருந்தால் பேர்ணடெற் சிரித்திருப்பாள்.

"ஒராள்தானே, பிள்ளை" என்றார் மாமி, இப்போது மெதுவாக.

பன்னிரண்டு வருடமாகத் தினமும் கேட்கிற வார்த்தை அது. ஒராள்தானே, பத்து நிமிடம்தானே, ஒரு தேத்தண்ணிதானே. அதற்கென்று அவளிடம் ஒரு பதில் மனப்பாடமாக இருந்தது. "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். நான் மாத்தேலாது" என்றாள்.

றோஸி முதல்முறையாக வாய் திறந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை. "மாமி, அவவிட்ட சொல்லுங்கோ, நான் வெளியில இருக்கிறன் எண்டு. கௌரி நேற்று வவுனியாவால வந்த பிள்ளை. ரெண்டு நாளா நித்திரை இல்லை. அவ படுக்கட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மாமி செபஸ்தியனின் உத்தியோகம் தன் தலையில் விழுந்ததை அறியாமல் விழித்துக்கொண்டு நின்றார். பிறகு கௌரியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

*

லவுஞ்சுக்கு எதிரே சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் வாங்கு. றோஸி அதில் இருந்தாள்.

கண்ணாடிக் கதவில் கம்பனியின் படம் ஒட்டியிருந்ததால் மூடியிருக்கும்போது வெளியே தெரியாது. யாராவது வந்தால் கதவு விலகும், றோஸி தெரிவாள். மூடும், மறைவாள். ஒரு ஜப்பானியர் வந்தார். றோஸி கைப்பையை மடியில் வைத்திருந்தாள். ஒரு குடும்பம் வந்தது. றோஸி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பரீட்சைக்கு முதல்நாள் செய்கிற வேலை அது. பயந்திருக்கிறாள்.

பேர்ணடெற்றுக்கு அழுகை வந்தது. ரெஜிஸ்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். சட்டப்படி நடந்தேன் என்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தைச் சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததே, அதுவும் உண்மை. ஐந்து மாதக் கோபத்துக்கு ஒரு கடதாசி துணைக்கு நின்றது. மற்றவர்களுக்கு 'மன்னிக்க வேணும்' என்று சொல்லித்தான் கதவை மறுப்பாள். தங்கைக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

தேநீர் பரிமாறும் ஸாலிஹ் ஒரு தட்டத்தோடு வந்து நின்றான். மாளிகாவத்தைப் பிள்ளை, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். அவனுக்கு எப்போதும் எல்லாம் தெரிந்திருக்கும்.

"வெளிய ஒக்காந்து ஈக்கிறது ஒங்கட தங்கச்சியா மிஸ்?"

"ஓம்."

"டீ ஒண்டு குடுக்கட்டா?"

"சாப்பாடு வெளியில போகக் கூடாது, ஸாலிஹ்."

"அது லவுஞ்ச் சாப்பாடு." ஸாலிஹ் மேசைக்குக் கீழே கிடந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்தான். "பன்னண்டேகாலுக்கு ஒங்கட பிரேக் தானே. மேசைய நான் பாத்துக்கொள்றன். கதவுக்கு அங்கால போனா நீங்க மிஸ் இல்ல, ராத்தா."

அவர்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்பார்கள். பேர்ணடெற் மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து. வாழ்க்கையில் முதல்முறையாக ஐந்து நிமிடம் முந்தி எழும்பினாள்.

*

வாங்கில் பையை நடுவில் வைத்து இருவரும் இரண்டு பக்கம் இருந்தார்கள். சொல் வராத இடத்தில் சோறு உதவும் என்று பேர்ணடெற் பையைத் திறந்தாள்.

உள்ளே லஞ்ச் சீற் எனும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய இரண்டு பார்சல்கள்.

"ரெண்டு கட்டியிருக்கிறார்" என்றாள் பேர்ணடெற், யாரிடமும் இல்லாமல்.

"எனக்குக் காலமை சாப்பாடு தரேல்லை. 'போற இடத்தில கிடைக்கும்' எண்டார்" என்றாள் றோஸி, அவளும் யாரிடமும் இல்லாமல்.

இடியப்பம், சொதி வற்றிய கிழங்கு, சம்பல், ஆளுக்கொரு அவித்த முட்டை. றோஸி முட்டையைப் பிளந்து, மஞ்சட்கருவை எடுத்து அக்காவின் பார்சலில் வைத்தாள். பேர்ணடெற் தன் முட்டையின் வெள்ளையை எடுத்து அவள் பக்கம் வைத்தாள். நாலு வயதிலிருந்து அப்படித்தான். மஞ்சட்கரு தொண்டையில் ஒட்டுகிறது என்று அழுவாள். இருபத்துமூன்று வருடம் இரண்டு மஞ்சட்கரு தின்றவள் ஐந்து மாதமாக ஒன்றுதான் தின்றாள். கையும் கையும் ராசியாகிவிட்ட பிறகு வாய் மட்டும் எவ்வளவு நேரம் முறுக்கிக்கொண்டிருக்கும்?

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை, அக்கா."

பேர்ணடெற் கொஞ்ச நேரம் இடியப்பத்தைப் பிசைந்தாள். "பிழையா இருந்திருந்தா அண்டைக்கே மறந்திருப்பன். அது உண்மையோ எண்டு யோசிச்சன். அதுதான் இவ்வளவு நாள்."

"என்னால எத்தினை சம்பந்தம் வேண்டாம் எண்டனீங்கள்? எனக்குத் தெரியும்தானே."

"ரெண்டு. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை, றோஸி. அப்பா கேக்கேல்லை, நீ கேக்கேல்லை. நானா முடிவெடுத்தனான். எடுத்துப்போட்டு அதுக்கு உன்னட்ட வட்டி கேட்டிருக்கிறன் போல." பார்சலைத் தள்ளி வைத்தாள். "நீ போறாய் எண்டதுதான் எனக்குக் கஷ்டம். அதைச் சொல்ல வெக்கமாயிருந்தது. அதனால தேவாலயத்தை இழுத்தன்."

றோஸி அழுதாள். எச்சில் கையோடு கண்ணைத் துடைக்கப் போனவளைத் தடுத்து, பேர்ணடெற் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். எதிரே போன வெள்ளைக்காரர் ஒருவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

"உள்ள விடாததுக்குக் கோவமா?"

"கோவம்தான். ஆனா நீங்கள் விட்டிருந்தா நான் அந்த மெத்தைக் கதிரையில இருந்திருப்பன். நீங்கள் மேசையில இருந்திருப்பீங்கள்." மூக்கை உறிஞ்சினாள். "இது பரவாயில்லை."

பதினைந்து நிமிட பிரேக் இருபத்தைந்து ஆயிற்று. ஸாலிஹ் கதவைத் திறந்து பார்க்கவில்லை. விமானத்துக்கு அழைப்பு வந்தபோது மாமி கௌரியோடு வெளியே வந்தார். இரண்டு பேரின் சிவந்த மூக்கையும் பார்த்து, தான் வாசிக்க வேண்டியதை வாசித்துக்கொண்டு, "நான் முன்னால நடக்கிறன்" என்றார்.

றோஸி எழுந்தாள். "வியாழக்கிழமை காலமை பத்து மணிக்குக் கலியாணம். நீங்கள் கோயில்ல ஒண்டும் கும்பிடத் தேவையில்லை. எனக்குப் பின்னால நிண்டாக் காணும். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை, எங்கட பக்கத்தில ஒருத்தரும் இல்லை, அக்கா. நான் திரும்பிப் பாப்பன்."

"நிப்பன்" என்றாள் பேர்ணடெற்.

தரமாட்டேன் என்று நினைத்திருந்த வாக்கு அவ்வளவு லேசாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

*

மேசைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக லீவுப் படிவத்தை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'தங்கையின் திருமணம்' என்று எழுதினாள். ஊழியர்களுக்குச் சலுகை டிக்கெட் உண்டு. இடம் காலியாக இருந்தால் ஏறலாம். பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறையும் அவள் அதைக் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை விமானத்தில் இடம் இருப்பதாகக் கணினி சொன்னது. பாஸ்போர்ட் விவரம் கேட்டது.

வீட்டுக்கு அழைத்தாள்.

"அப்பா, அலுமாரியில என்ர பாஸ்போர்ட் இருக்கு. எடுத்து முடியிற திகதியைச் சொல்லுங்கோ."

"அங்க இல்லை."

"பாக்காமல் சொல்லாதேங்கோ."

"சாப்பாட்டுப் பையின்ர அடியில பாத்தனியா, பிள்ளை?"

அவள் பையைக் கவிழ்த்தாள். குழம்பு ஊறாமலிருக்க அடியில் மடித்து வைத்த பத்திரிகைத் தாளுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக அவளுடைய பாஸ்போர்ட். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், எல்லாரும் எடுக்கிறார்களே என்று எடுத்தது. உள்ளே ஒரு முத்திரையும் இல்லை.

"காலமையே தெரியுமா உங்களுக்கு?"

"ஓஃப் நாளை மாத்தினவள் எங்க போய் முடிப்பாள் எண்டு எனக்குத் தெரியாதே?" செபஸ்தியனின் குரலில் ஐந்து மாதத்துக்குப் பிறகு சிரிப்பு இருந்தது. "இனி உங்கட தபாலை நீங்களே கொண்டு போங்கோ."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

டிசம்பர் ஆறு.

விரல் விட்டு எண்ணினாள். சிங்கப்பூருக்குப் போகிறவரின் பாஸ்போர்ட் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இதைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பயணிகளை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். செவ்வாய் ஜூன் பதினைந்து. ஆறு மாதமென்றால் டிசம்பர் பதினைந்து. இன்னொருமுறை எண்ணினாள். அதே விடைதான்.

"அப்பா, ஒன்பது நாள் குறையுது."

"என்ன குறையுது?"

அவள் விளக்கினாள். அவள் இன்று வேலை முடிந்து போவதற்குள் பாஸ்போர்ட் புதுப்பிக்கிற கந்தோர் மூடிவிடும். இனித் திறப்பது திங்கட்கிழமை. அதற்குப் பொலிஸ் பதிவும் மற்றக் கடதாசிகளும் வேண்டும். செவ்வாய் காலை விமானம்.

சன்னலுக்கு வெளியே ஒன்று நாற்பது விமானம் ஓடுபாதையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை போய், அண்டைக்கே புதுப்பிச்சுத் தரச்சொல்லி ஆரிட்டயாவது கேள்" என்றார் செபஸ்தியன். "ஒன்பது நாள்தானே, பிள்ளை."

பேர்ணடெற் மேசையில் ஒட்டியிருந்த கடதாசியைப் பார்த்தாள். திங்கட்கிழமை அந்தக் கந்தோரில் கவுண்டருக்கு அப்பால் இருக்கப்போகிறவர் என்ன பதில் சொல்வார் என்பது அவளுக்கு மனப்பாடம். அவருக்கு என்ன சொல்லிக் கேட்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.